நீளம் போகும் இடம்

அக்டோபர் 20, வெள்ளி

"டீச்சர், தண்டவாளத்துல இடைவெளி விடலன்னா அந்த நீளம் எங்க போவும்?"

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் பேச்சிக்கனி என்னைக் கேட்டது இது. வெப்பத்தால் பொருள்கள் விரிவடைதல் என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டுத் திரும்பினேன். கேட்டுவிட்டாள். "எங்கயும் போகாது. இடம் குடுக்கலன்னா பக்கத்துல இருக்கிறதைத் தள்ளும்" என்றேன். அவளுக்குப் போதவில்லை. "பக்கத்துல யாரு இருப்பா டீச்சர்?" வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம், 'ப'வை அறுத்துவிட்டார்கள்.

எங்கள் தெரு ஓரமாகக் கம்பெனியின் நீராவிக் குழாய் போகிறது. கொதிகலன் இருக்கும் இடத்தில் தொடங்கி, கேட்டைத் தாண்டி, இடுப்பு உயரத்தில் தெரு நெடுக வந்து, என் வீட்டோரம் திரும்பிப் பக்கத்துச் சோப்புக் கம்பெனிக்கு நீராவி கொண்டுபோகும். கேட்டின் முன்னால் மட்டும் மேலே ஏறி, குறுக்கே போய், கீழே இறங்கும். எழுத்து 'ப'வைக் கவிழ்த்துப் போட்டது போல இருக்கும். குழாய் சூடாகி நீளும்போது அந்த 'ப'வின் கால்கள் வளைந்து கொடுக்கும். பாயில் சம்மணமிட்டு இருப்பவர்கள் புதிதாக வந்தவருக்கு முழங்காலை ஒடுக்கி இடம் விடுவது போல.

பெரிய லாரிகள் வர அது இடைஞ்சலாம். பாதையை அகலமாக்கி, 'ப'வை எடுத்து, குழாயைத் தரைக்கடியில் கொண்டுபோய்விட்டார்கள். இந்தப் பக்கம் அது மேலே வரும் இடத்தில், ஆர்மோனியத்தின் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஓர் எஃகுத் துண்டு வைத்திருக்கிறார்கள். பெல்லோஸ் என்று பெயர். இனி நீளத்தை அது வாங்கிக்கொள்ளும். அதை ஒட்டித்தான் பேச்சிக்கனியின் டீக்கடை. வளைவுக் கடை என்று பெயர். வளைவு போய்விட்டது, பெயர் இருக்கும்.

கம்பெனி இரண்டு வாரமாக நின்றிருக்கிறது. இத்தனை அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

பூசைக்குப் போனேன். மீன் வாங்கவில்லை. ஒருத்திக்கு எதற்கு?

கஸ்பாரின் அறையைப் பற்றி எழுதவேண்டும். கஸ்பார் என் வீட்டுக்காரர், ரேடியோ மெக்கானிக். வீட்டின் பின்னால், குழாய் திரும்பும் இடத்தில், அதை அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு கான்கிரீட் கட்டை நிற்கிறது. "கம்பெனிக்காரன் நமக்கு இனாமா ஒரு செவுரு கட்டித் தந்திருக்கான், எமரன்சி" என்று என் பெயர் சொல்லிச் சிரித்தார் அவர். மற்ற மூன்று சுவரை எழுப்பி, அந்தக் கட்டையிலேயே கண்ணாடி அலமாரியை அறைந்து, தன் வேலை அறையாக்கிக்கொண்டார். கம்பெனியிடம் கேட்கவில்லை. அவர்களும் எட்டிப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் போனார். மேசைமேல் அவர் பிரித்துப் போட்ட டிரான்சிஸ்டர் அப்படியே இருக்கிறது. லூஸ் கான்டாக்ட். ஊர் ரேடியோ எல்லாம் பார்த்தவர், சொந்த ரேடியோவை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். பிளக்கை நான் பிடுங்கவில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூசை. இரண்டு நாளாகப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நாளை விஜயதசமியில் கொதிகலனைத் தொடங்கவேண்டுமாம். குழாய், தாங்கி, வால்வு, ஏணி எல்லாம் வெள்ளி நிறம். அதன்மேல் சந்தனம், குங்குமம், மாவிலை.

பேச்சிக்கனி பொரிகடலை கொண்டுவந்தாள். "டீச்சர், நின்ன எடத்துல நின்னா நம்மளையும் ரெண்டு இழுப்பு இழுத்துருவானுவ. எங் கடை மணிப்பூனைக்கு வாலு வெள்ளியாப் போச்சு."

"பெல்லோஸுக்குமா அடிச்சாங்க?"

"அந்த ஆர்மோனியப் பொட்டிக்கா? அதுக்குத்தான் மொத மரியாதை. நாலு பக்கமும் பட்டை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி... வளைவ வெட்டுனதுல சாமிக்குக் குறை இருக்கக் கூடாதுல்லா."

அக்டோபர் 24, செவ்வாய்

காலையில் கம்பெனிச் சங்கு ஊதியது. நான் அவர் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

ரோட்டுப் பக்கத்தில் டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, சற்று அருகில். பிறகு ஒரு இழுவை. பிறகு டக். ஒருவர் ஒரு காலைச் சாய்த்து, செருப்பைத் தேய்த்து நடந்து வருவது போல இருந்தது. தெரு நெடுக வந்து, என் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது.

விளக்கம் எளிது. நீராவி முன்னேற முன்னேற, குழாயைச் சுற்றிய தகரம் துண்டு துண்டாகச் சூடாகிறது. வெயில் ஏறும்போது தகரக் கூரை சடசடப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதேதான்.

கஸ்பார் தினமும் வளைவுக் கடையில் டீ குடித்துவிட்டு இந்த வழியாகத்தான் வருவார். இடது கால் கொஞ்சம் இழுக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அக்டோபர் 25, புதன்

அதே நேரம், அதே நடை. இன்று சுவர் வரை வந்து நின்றபின் கண்ணாடி அலமாரியின் கதவு தானாகத் திறந்தது. மெதுவாக, ஓசையில்லாமல், உள்ளே எதையோ தேடுகிறவர் திறப்பது போல. மூடினேன். மறுபடி திறந்தது.

சாயங்காலம் நீராவியை நிறுத்தினார்கள். கதவு தானே சாத்திக்கொண்டது.

அக்டோபர் 26, வியாழன்

ஒரு சோதனை. கோலி சோடா பாட்டிலின் குண்டு ஒன்று அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. காலையில் அறையின் நடுவில் வைத்தேன். அசையாமல் நின்றது. மதியம் அதே தரை ஓட்டில் அதே இடத்தில் வைத்தேன். கொஞ்சம் யோசித்தது. பிறகு வாசல் பக்கம் உருண்டு போயிற்று.

மாணவிகளிடம் நான் எப்போதும் சொல்வேன், ஒரு முறை பார்த்தது செய்தி, பத்து முறை பார்த்தால்தான் உண்மை என்று. ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டேன். பழக்கம்.

அக்டோபர் 27, வெள்ளி

ரேடியோ பாடியது.

நான் தொடவில்லை. நடை வந்து நின்றது, அலமாரி திறந்தது. கொஞ்ச நேரத்தில் மேசைமேல் இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு ஆள் வானிலை வாசிக்கிற குரல். மன்னார் வளைகுடாவில் காற்று பலமாக வீசும், மீனவர்கள் கவனம் என்றார். பிளக் செருகியிருக்கும் பலகை அந்தக் கட்டைச் சுவரில்தான் இருக்கிறது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் வயர் இழுபட்டு ரேடியோவின் கான்டாக்ட் சேர்ந்துவிடும். தெரியும்.

முழுச் செய்தியும் கேட்டேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அக்டோபர் 28, சனி

வந்தது. ரேடியோவும்.

அக்டோபர் 29, ஞாயிறு

இன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் கடற்கரையில் சீட்டாடப் போய்விடுவார். இருட்டும்வரை வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

சோப்புக் கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை, நீராவி கிடையாது. அதையும் எழுதி வைக்கிறேன். ஒரு விஷயத்துக்கு இரண்டு காரணம் இருக்கக் கூடாதா?

அக்டோபர் 30, திங்கள்

வந்தார்.

சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே முணுமுணுப்பு கேட்கிறது. சொற்கள் இல்லை, பேச்சின் ஏற்ற இறக்கம் மட்டும். பக்கத்து அறையில் ஒருவர் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பது போல. நடுவில் ஒரு சிரிப்பு. கட்டை சூடாக இருந்தது. காய்ச்சல்காரரின் நெற்றி போல. கன்னத்தை எடுக்க மனம் வரவில்லை.

மூலையில் கொஞ்சம் காரை உதிர்ந்திருந்தது. கூட்டி அள்ளினேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

கட்டையும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரிசல். அளக்கவில்லை. மழைக்காலத்தில் பழைய வீடுகளில் விரிசல் சகஜம். மாதா படம் போட்ட காலண்டரை அங்கே மாட்டினேன். அறைக்கு ஒரு களை வந்துவிட்டது.

கம்பெனியில் சொல்லலாம்தான். சொன்னால் வருவார்கள். வந்தால் முதலில் கேட்பது, எங்கள் கட்டையில் யார் அறை கட்டியது என்பதாகத்தான் இருக்கும். அடுத்து இடிப்பார்கள். கஸ்பாருக்கு இனி வேறு இடம் இல்லை.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். காலையிலேயே போய்ப் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றினேன். காற்றில் நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சுவரில் அந்த முணுமுணுப்பு ஓயும்முன் வீட்டுக்குப் போயாகவேண்டும் என்றே இருந்தது. அதை நினைத்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வரும் வழியில் பேச்சிக்கனி பிடித்துக்கொண்டாள்.

"என்ன டீச்சர், இந்த வெயில்ல ஓட்டமா போறீய? வீட்டுல ஆரு காத்துக் கெடக்கா? உக்காருங்க. சுக்குக் காப்பி போடுதேன்."

உட்கார்ந்தேன். பெஞ்சு நிறைய ஷிப்டு ஆட்கள். அவள் முதுகுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், பெல்லோஸ். சந்தனம் காய்ந்து பொருக்காகியிருந்தது.

"இதப் பாருங்க. ஒரு வாரமா பாலு ஒரு பக்கமாத்தான் பொங்குது. அடுப்பு அதே அடுப்பு, சட்டி அதே சட்டி. அது போவட்டு, மத்தியானமானா இந்தக் கொழாய் முக்குது டீச்சர். சினைமாடு முக்குத மாதிரி. இவனுவளக் கேட்டா, சாமி கோவம்ங்கான்."

"இன்னொரு பூசணிக்கா ஒடச்சாச் சரியாப் போவும்க்கா" என்றான் ஒருவன்.

"ஒன் தலையில ஒடைல, அப்பவாவது உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்" என்றாள். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது.

சிரித்து முடித்து என்னைப் பார்த்தாள். "டீச்சர், நான் ஒருநா கேட்டேனே, நீளம் எங்க போவும்னு. நீங்க என்ன சொன்னிய? எனக்கு மறந்துபோச்சி."

"பக்கத்துல இருக்கிறதைத் தள்ளும்னு சொன்னேன்."

"ஆமா. பக்கத்துல யாருன்னு கேட்டதுக்கு எல்லாரும் சிரிச்சாளுவ." அவள் தன் அடுப்பைப் பார்த்தாள். பிறகு வேறு யாரோ வடை கேட்டார்கள்.

என் காப்பி ஆறும்வரை நான் அந்த மடிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆர்மோனியத்தை வாசிக்கும்போது துருத்தி மூடித் திறக்கவேண்டும். இது சும்மா நிற்கிறது.

நவம்பர் 3, வெள்ளி

இரண்டாவது சோதனை. விடிந்ததும், குழாய் ஆறிக் கிடக்கும்போதே, வளைவுக் கடைக்குப் போனேன். பேச்சிக்கனியின் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கு உருவினேன். பெல்லோஸின் இரு முனையிலும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் சரியாகப் பொருந்துமாறு ஈர்க்கை ஒடித்தேன்.

"என்ன டீச்சர், ஆர்மோனியத்துக்குச் சட்டைக்கு அளவெடுக்கியளா?"

மதியம் மறுபடி போனேன். குழாய் பக்கத்தில் முகத்தை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பெல்லோஸ் வேலை செய்திருந்தால் மடிப்புகள் நெருங்கி, ஈர்க்கு இடம் போதாமல் வளைந்திருக்கவேண்டும். துணியால் கையைச் சுற்றிக்கொண்டு வைத்தேன். காலையில் எப்படியோ அப்படியே பொருந்தியது.

குழாய் நீண்டிருக்கிறது. பெல்லோஸ் ஒரு ஈர்க்கு கனம்கூட ஒடுங்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கம்பிகளைப் பார்த்தேன். பெல்லோஸைச் சுற்றி, ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு, கை பெருவிரல் கனத்தில் கம்பிகள். இரு முனையிலும் இறுக்கிய நட்டு. எல்லாம் வெள்ளி நிறம், எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. உள்ளதோடு உள்ளதாகக் கலந்து நிற்கின்றன. வீட்டுச் சாவியால் ஒன்றைச் சுரண்டினேன். உள்ளே மஞ்சள்.

"லாரியில வரும்போது மஞ்சக் கம்பியாத்தான் இருந்துச்சி" என்றாள் பேச்சிக்கனி. "ஒரு அட்டையும் தொங்குச்சி. இங்கிலீஸ்ல என்னமோ போட்டுருந்தான். பெயிண்ட் அடிக்கவன் பிச்சிப் போட்டான். நாந்தான் எடுத்து அடுப்புப் பத்தவச்சேன். நல்லா எரிஞ்சிச்சி."

புதுக் குடையைப் பட்டையை அவிழ்க்காமல் விரிக்கப் பார்ப்பதற்குச் சமம். வழியில் மடிப்புகள் நசுங்காமல் இருக்கக் கட்டிய கட்டு அது. பூட்டி முடித்ததும் அவிழ்க்கவேண்டும். அவிழ்க்கும் முன் பூசை வந்துவிட்டது. பூசைக்குமுன் பெயிண்ட் வந்துவிட்டது.

அப்படியானால் இத்தனை நாளும் அந்த நீளம் எங்கே போய்க்கொண்டிருந்தது?

குழாயின் மறுமுனையைப் பிடித்து நிற்பது கஸ்பாரின் சுவர். எனக்குத் தெரிந்த விடையை எழுதத் தேவையில்லை.

இன்று கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது. கண்ணும் எரிந்தது. நாளை.

நவம்பர் 4, சனி

காலையில் கேட்டுக்குப் போவதாகத்தான் சேலை மாற்றினேன். வாசல்வரை வந்தபோது சங்கு ஊதியது. தெருக்கோடியில் நடை தொடங்கிவிட்டது. கடைசியாக ஒரு முறை, என்று நினைத்தேன். நாளை ஞாயிறு, நீராவி இல்லை, ஒன்றும் ஆகாது, திங்கட்கிழமை சொல்லலாம் என்றும் நினைத்தேன். எல்லாவற்றையும் நினைத்தேன்.

வந்தார். அலமாரி திறந்தது. இன்று அறையே ஒரு முறை பெருமூச்சு விட்டது. காலண்டர் ஆடியது. ரேடியோ இரைந்தது, பாட்டு வரவில்லை. சுவரில் காதை வைத்தேன்.

முணுமுணுப்பு. எப்போதும்விடத் தெளிவாக. "கஸ்பார்" என்று கூப்பிட்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், கூப்பிட்டேன். "என்ன சொல்றீங்க, சத்தமாச் சொல்லுங்க."

சொன்னது.

"ஏல, சாம்பார்ல கைய வுடாத! கரண்டி எதுக்கு வச்சிருக்கு, ஒன் முதுகு சொறியவா?"

பேச்சிக்கனியின் குரல். பிறகு அந்தப் பெஞ்சின் சிரிப்பு. தம்ளர்கள் உரசும் ஒலி.

எத்தனை வகுப்புகளுக்கு நான் தீப்பெட்டி டெலிபோன் செய்து காட்டியிருக்கிறேன்! இரண்டு தீப்பெட்டி, நடுவில் இழுத்துக் கட்டிய நூல். பேச்சிக்கனியின் தகரக் கூரையைக் குழாயின் தாங்கியில்தான் கட்டியிருக்கிறார்கள். அது ஒரு பெட்டி. இந்தச் சுவர் இன்னொரு பெட்டி. நடுவில், எந்தப் பக்கமும் போக இடமில்லாமல் விறைத்து நிற்கும் குழாய், நூல். விறைக்க விறைக்கத் தெளிவாகக் கேட்கும். இன்று சாம்பார்வரை கேட்கிறது.

ஒரு வாரமாக நான் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, அந்த மடிப்புகளுக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து இட்லி தின்கிறவர்களின் குரலை.

செருப்புகூடப் போடாமல் போனேன்.

கேட்டில் காவலாளி, "ஆரப் பாக்கணும் டீச்சர்?" என்றார்.

"பாய்லரை நிறுத்தச் சொல்ல அதிகாரம் உள்ளவரை."

பராமரிப்பு என்ஜினியர் சிவசைலம் வந்தார். முப்பது வயது இருக்கும். நான் ஈர்க்கைக் காட்டியதும் சிரிக்கவில்லை. வேகமாக நடந்து வந்து, சாவியால் நான் சுரண்டிய இடத்தைப் பார்த்தார். போனில் "வால்வை மூடுங்க. காரணம் அப்புறம். மூடுங்க" என்றார்.

"யக்கா, எல்லாரும் அந்தப் பக்கம் போங்க."

"சார், இட்லிக் கொப்பரை இப்பத்தான் ஏத்துனேன். ஆவி வரட்டு."

"ஆவி போதும்க்கா, எந்திரிங்க."

"வேவாத இட்லிய எவன் சார் திம்பான்? நீங்க திங்கியளா?"

நான் வகுப்பறைக் குரலில் சொன்னேன்: "பேச்சிக்கனி, எந்திரி. வெளியே போ."

எழுந்தாள். அவளோடு பெஞ்சில் இருந்த அத்தனை பேரும், என்னிடம் ஒரு நாள்கூடப் படிக்காதவர்கள் உட்பட, எழுந்து வரிசையாக ரோட்டைத் தாண்டிப் போய் நின்றார்கள்.

குழாய் ஆறியபின் சிவசைலம் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கீழ்ப் பக்கக் கம்பி ஒன்றைப் பிடித்திருந்த பற்றவைப்பு பாதிக்கு மேல் பிளந்திருந்தது. அது பேச்சிக்கனியின் அடுப்புப் பக்கம் இருந்தது.

"இது விட்டிருந்தா?" என்றேன்.

"ஒண்ணு விட்டா மிச்சமும் விடும் டீச்சர். அப்புறம் மடிப்பு கிழியும். உள்ளே இருக்கிறது வெளியே வரும்." பெஞ்சைப் பார்த்தார்.

நவம்பர் 5, ஞாயிறு

சிவசைலம் வீட்டுக்கு வந்தார். கஸ்பாரின் அறைக்குள் வரும்முன் செருப்பைக் கழற்றினார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

கட்டையை வெளியிலிருந்து அளந்தார். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். நேராகப் போய்க் காலண்டரைத் தூக்கினார். விரிசலில் அவர் கை மணிக்கட்டுவரை போயிற்று.

"இந்த ரூம் யாரு கட்டினது?"

"என் வீட்டுக்காரர்."

கொஞ்ச நேரம் ரேடியோவையும் திருப்புளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டையை உடைச்சுத் திருப்பிப் போடணும் டீச்சர். சுவர் எதுவும் அதைத் தொடக்கூடாது. ரூமை எடுத்துத்தான் ஆகணும்." பிறகு, காலண்டரைத் திரும்ப மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "விரிசலை எப்போ பாத்தீங்க?"

ஒரு தேதி சொன்னேன். அந்தத் தேதியை இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 8, புதன்

இடித்தார்கள். சாமான்களை நானே எடுத்து வைத்தேன். பேச்சிக்கனி கூட வந்து கண்ணாடி அலமாரியை ஒரு பக்கம் பிடித்தாள். கூடத்தில், தெருவைப் பார்த்த சுவரில் மாட்டியாயிற்று.

"அண்ணாச்சி இருந்தா இந்நேரம் சண்டைக்குப் போயிருப்பாவ" என்றாள்.

"உன் கடைக்கு ஆபத்துன்னா, அவரே சுத்தியலை எடுத்திருப்பார்."

சொன்னபிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பேச்சிக்கனி வீட்டிலிருந்து முறுக்கு, அதிரசம். ஒரு தம்ளர் மட்டும் வைத்தேன். தண்ணீர் குடிக்க மறந்தேன்.

நவம்பர் 20, திங்கள்

மழை. ரேடியோவின் கான்டாக்டைப் பக்கத்துத் தெருப் பையன் பற்றவைத்துத் தந்தான். இப்போது சுவிட்சைப் போட்டால் பாடுகிறது, அணைத்தால் நிற்கிறது. எல்லா ரேடியோவையும் போல.

நவம்பர் 28, செவ்வாய்

புதுக் கட்டை. கம்பிகளை எடுத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து நீராவி ஓடுகிறது. பேச்சிக்கனி வளைவுக் கடையை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறாள்.

சிவசைலத்திடம் அனுமதி வாங்கி, காலையில் ஒரு ஈர்க்கு ஒடித்து வைத்தேன். மதியம் அது உள்ளே போகவில்லை. அழுத்தியதும் வில்லாக வளைந்தது. மடிப்புகள் நெருங்கி நிற்கின்றன.

"அப்ப நீளம் இதுக்குள்ளதான் போவுதா?" என்றாள் பேச்சிக்கனி.

"இதுக்குள்ளதான்."

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்லா டீச்சர். நான் நாப்பது வயசுவரை யோசிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

தகரம் இப்போதும் டக் டக் என்று தெரு நெடுக நடக்கிறது. என் வீட்டோரம் வந்து, நிற்காமல், திரும்பிச் சோப்புக் கம்பெனிப் பக்கம் போய்விடுகிறது.

டிசம்பர் 3, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்தேன். அரைக் கிலோ ஊளி மீன் வாங்கினேன். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஓர் அசைவு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இன்று ஞாயிறு, நீராவி இல்லை. வெளியே போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. காற்று இல்லை, தெருவில் லாரி இல்லை. அலமாரி இருக்கும் சுவர் எந்தக் கட்டையையும் தொடவில்லை. கோலிக்குண்டைக் கூடத்துத் தரை ஓட்டில், வாசலில், அலமாரிக்கு நேர் கீழே வைத்தேன். மூன்று இடத்திலும் அசையாமல் நின்றது.

அசைந்தது அலமாரிக் கதவு, தானாகத் திறந்தது. மெதுவாக, உள்ளே எதையோ தேடுகிறவர் திறப்பது போல. நான் மூடவில்லை. இன்னொரு தம்ளர் எடுத்து வைத்தேன்.

விளக்கம் இருக்கும். நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

இதை யாராவது படித்தால், உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள்: ஒரு கோலிக்குண்டை எடுத்து, தரையில் ஒரே இடத்தில், காலையில் ஒரு தடவையும் உச்சி வெயிலில் ஒரு தடவையும் வையுங்கள். அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று பாருங்கள்.